ஆளில்லாத இடத்து விளக்கு

யாருமில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எனக்குக் கை அரிக்கும். இப்போதும் அப்படித்தான். யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போனால், கை கழுவப் போகிற வழியில் இரண்டு சுவிச்சையாவது அணைத்துவிட்டுத்தான் திரும்புவேன். ஒருமுறை கண்டியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், உள்ளே ஆள் இருக்கும்போதே கக்கூஸ் விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த மனிதர் உள்ளேயிருந்து போட்ட சத்தத்தில் சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். நான் ஒன்றும் தெரியாதவள்போல சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இது என் குற்றமே இல்லை. எல்லாம் அம்மா பழக்கி வைத்தது. இரத்தோட்டைக்கு மேலே, தேயிலையும் மிளகும் கலந்து கிடக்கிற ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு. முன் காம்பரா, பின் காம்பரா, அடுப்படி, வாசல், பின்னால் கக்கூஸ். ஆக மொத்தம் ஐந்து பல்பு. அந்த ஐந்தையும் அம்மா காவல் காத்த மாதிரி எந்தத் தொரையும் தன் தோட்டத்தைக் காத்திருக்க மாட்டார். அப்பா கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டதால் வீட்டில் அம்மா, நான், தங்கச்சி மூன்று பேர்தான். ஒருத்தி ஒரு காம்பராவிலிருந்து இன்னொரு காம்பராவுக்கு நகர்ந்தால் பின்னாலேயே அம்மாவின் குரல் வரும்.

"ஆளில்லாத காம்பராவுல லைட்டு என்னாத்துக்கு? பேய் புஸ்தகம் படிக்குதா?"

அந்தப் பேய்க்குப் பயந்தே நாங்கள் வளர்ந்தோம். சுவிச்சை அணைக்காமல் பள்ளிக்கூடம் போய், பாதி வழியிலிருந்து ஓடி வந்த நாள்கள் உண்டு. இப்படிப் பழகிய இந்தக் கைதான் எனக்கு விமானத்தில் கிடைத்த வேலைக்கே வேட்டு வைக்கப் பார்த்தது.

விமானத்தில் வேலை என்றால் பயணிகளைக் கவனிக்கிற வேலை. எனக்கு அது கிடைத்தபோது எங்கள் லயமே தலைகால் தெரியாமல் ஆடியது. அடுத்த வீட்டுப் பெரியம்மா என் கன்னத்தைத் தடவி, "நீதான் ஓட்டப்போறியா?" என்று கேட்டார். இல்லை பெரியம்மா, வருகிறவர்களை உட்கார வைத்து, சாப்பாடு கொடுத்து, பத்திரமாக இறக்கிவிட வேண்டும் என்றேன். "அட, கல்யாண வீட்டு வேலை" என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

எனக்கும் அப்படித்தான் நினைப்பு. சிரிக்கக் கற்றுக்கொடுப்பார்கள், தட்டைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள் என்று கனவு கண்டுகொண்டு, விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கப் பக்கம் பயிற்சிக்குப் போனேன். அங்கே ஒரு பெரிய கொட்டகைக்குள் சிறகும் வாலும் இல்லாத ஒரு போலி விமானம் நின்றது. உள்ளே போனால் நிஜ சீட்டு, நிஜக் கதவு, நிஜ விளக்கு. தீ, புகை, தண்ணீர், இருட்டு, இவற்றிலிருந்து ஆட்களை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதுதான் முதல் பாடமும் கடைசிப் பாடமும். தட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவே இல்லை.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு சிங்கள மேடம். பல வருசம் பறந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே எங்களுக்கு அவரிடம் பயம் அதிகம். அவசர விளக்குகளைப் பற்றி ஒரு முழு நாள் பாடம் எடுத்தார். விமானத்தின் கரண்டு முழுக்கப் போனாலும் அந்த விளக்குகளுக்கு என்று தனி பேட்டரி இருக்கும். குறைந்தது பத்து நிமிடம் எரிய வேண்டும். விமானி தன் பக்கத்துச் சுவிச்சைத் தயார் நிலையில் வைத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும், எங்கள் பக்கமும் ஒரு சுவிச்சு உண்டு. கதவுக்கு மேலே விளக்கு, கதவுக்கு வெளியே சறுக்கிறங்கும் இடத்திலும் விளக்கு. இவ்வளவும் இருந்தும் புகை வந்தால் பிரயோசனமில்லை, ஏனென்றால் புகை மேலே ஏறி, மேலே இருக்கிற விளக்கு அத்தனையையும் மூடிவிடும். அதனால்தான் தரையில் கோடு. நடைபாதை நெடுக ஒரு பட்டி ஓடும். குனிந்தவர்களுக்கு அது வழி காட்டும்.

"எங்கள் விமானத்தில் அந்தப் பட்டிக்கு பேட்டரியும் இல்லை, வயரும் இல்லை. வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இருட்டில் திருப்பிக் கொடுக்கும். அதனால் நாளின் முதல் பயணத்துக்கு முன்னால், உள்ளே ஒருவர்கூட இல்லாத நேரத்தில், எல்லா விளக்கையும் போட்டு, புத்தகத்தில் சொன்ன நேரம் வரைக்கும் எரியவிட வேண்டும்" என்றார் மேடம்.

நான் கேட்டேன், எழுதினேன், சிவப்புப் பேனாவால் அடிக்கோடும் போட்டேன். காதுக்குப் போனது கைக்குப் போகவில்லை.

மறுநாள் காலை இருட்டுப் பயிற்சி. குறிப்பெழுதி விட்டுப்போன கொப்பியை எடுக்க நான் முன்கூட்டியே போலி விமானத்துக்குள் போனேன். ஒரு ஈ காக்கை இல்லை. முன்னாலிருந்து பின்னால்வரை கல்யாண மண்டபம் மாதிரி விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிகிறது. ஐயோ பாவமே, யாரோ மறந்துவிட்டுப் போய்விட்டார்களே என்று நினைத்தேனா, நினைக்கவே இல்லையா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கொப்பியை எடுத்தேன், பின்பக்கச் சுவிச்சுப் பலகையில் எல்லாவற்றையும் அணைத்தேன், ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு பிளேன்டீ குடிக்கப் போய்விட்டேன்.

அரை மணி நேரம் கழித்து எங்களை உள்ளே ஏற்றி, கதவை மூடி, கரண்டை நிறுத்தி, பயிற்சிப் புகையை விட்டார்கள். தரையில் கோடு தெரியும் என்று எல்லோரும் குனிந்தோம். கோடு இருந்ததுதான், ஆனால் பழைய வேட்டியின் கரை மாதிரி மங்கி, இருக்கிறதா இல்லையா என்று கேட்டது. பாதிப்பேர் முன்னால் போகிறோம் என்று பின்னால் போனார்கள். தெற்கே காலி ஊரிலிருந்து வந்த ஒரு பிள்ளையும் நானும் தலையோடு தலை மோதிக்கொண்டோம். அவளுக்கு நெற்றி வீங்கிவிட்டது.

மேடம் விளக்கைப் போட்டார். எங்களை வரிசையாக நிற்க வைத்தார். "காலையில் விளக்கை அணைத்தது யார்?" என்று கேட்டார்.

கையைத் தூக்கினேன். அணைத்த அதே கைதான்.

"ஏன்?"

"உள்ளே யாரும் இருக்கவில்லை மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நங்கி" என்றார். சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிடுவது அது. அதை மிக மெதுவாகச் சொன்னார். "அந்த விளக்கு ஆட்களுக்காக எரியவில்லை. தரைக்காக எரிந்தது. இது நிஜமான விமானமாக இருந்திருந்தால்?"

அதோடு விடவில்லை. பௌர்ணமிக்கு வருகிற போயா விடுமுறையும் சேர்த்து மூன்று நாள் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம், வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் மட்டும் தனியாக விமானத்தைத் தயார்செய்து, இருட்டில் எல்லோரையும் வெளியே கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார். சரியாகச் செய்தால் தொடரலாம். செய்யாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கிளம்பும்போது, போலி விமானத்திலிருந்து கழற்றிய இரண்டு நீளமான பழைய பட்டிகளைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "இதைப் பார்த்துக்கொண்டே இரு, விளங்கும்" என்றார்.

கண்டி வந்து, மாத்தளை வந்து, அங்கேயிருந்து இரத்தோட்டை பஸ் ஏறும்வரைக்கும் அழவில்லை. பஸ் ஏறியதும் ஒரு மூச்சு அழுது தீர்த்தேன். வீட்டுக்குப் போய்ச் சுருளை மேசைமேல் போட்டுவிட்டு விசயத்தைச் சொன்னேன். அம்மா கொழுந்து பறிக்கப் போய்விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஆளில்லாத எடத்துல லைட்ட அணைச்சதுக்கு ஒரு பரீட்சையா? நல்லா இருக்கே கத! ஒனக்கு மாலயில்ல போட்டிருக்கணும்!"

"அம்மா, அது அப்புடி இல்லம்மா. அந்தக் கோட்டுக்கு வெளிச்சம் குடுத்துக்கிட்டே இருக்கணும்."

"கோட்டுக்கு எதுக்குடி வெளிச்சம்? கோடு என்னா பாடமா படிக்குது?"

பேய் போய்க் கோடு வந்துவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். என் கோபம் எனக்கே அடங்கவில்லை. இந்த மனுசியால்தான் நான் இந்த நிலைமைக்கு வந்தேன், இந்த மனுசியோ எனக்கு மாலை போடச் சொல்கிறார்! அன்று கோபத்தில் ரொட்டியை அரை வயிற்றோடு வைத்துவிட்டு எழும்பிப் போனேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் தாய்மாமா மாத்தளைக்கும் இரத்தோட்டைக்கும் இடையில் பஸ் ஓட்டுகிறவர். செய்தி கேட்டு, காலை ஓட்டத்தை முடித்துவிட்டு, பஸ்ஸோடேயே தோட்டத்துக்கு வந்து லயத்துக்குக் கீழே உள்ள விளையாட்டுத் திடலில் நிறுத்தினார்.

"இதுக்கா அழுவுற? பஸ்ஸும் பிளேனும் ஒண்ணுதானடி. ரெண்டுலயும் நடுவுல பாத, ரெண்டு பக்கமும் சீட்டு, முன்னால ஒரு கதவு, பின்னால ஒரு கதவு. நம்மளுது கொஞ்சம் பள்ளத்துல போவும், அவ்வளவுதான். நாளைக்கி நீ போவணும். இன்னைக்கே செஞ்சு பாத்துரு."

அவ்வளவுதான், தோட்டம் கிளம்பிவிட்டது. பட்டப்பகலில் பஸ்ஸை இருட்டாக்குவது லேசான வேலையா? மிளகு காயப்போடுகிற படங்கு, உரச்சாக்கு, பழைய போர்வை, யாரோ கொடியிலிருந்து உருவிய ஈரச் சேலை எல்லாம் ஜன்னல்களில் ஏறின. பயணிகள் வேண்டும் என்று தங்கச்சி லயத்தில் போய் ஒரு சத்தம் போட்டாள். முப்பது பேர் வந்தார்கள். சும்மா வரவில்லை. பிளேனில் போகிறோமாம், தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, திருவிழாவுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பெரியம்மா ஒரு பையும், பைக்குள் ஒரு போத்தல் தண்ணீரும், கக்கத்தில் ஒரு பலாக்காயும் வைத்திருந்தார்.

"பலாக்காய் எதுக்கு பெரியம்மா?"

"போற எடத்துல வெறுங்கையோடவா போறது?"

ஜன்னல் சீட்டுக்கு இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். ஜன்னலே மூடிக் கிடக்கிறது, என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டால், அது வேற விசயம் என்றார்கள். தங்கச்சி தட்டில் டொஃபி கொடுத்துக்கொண்டு போனாள். மாமா பழக்கதோசத்தில், "கதவடியில நிக்காம உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தினார். சிரிப்பில் எனக்கு வயிறு வலித்தது. பரீட்சை என்று கேட்ட பிறகு வந்த முதல் சிரிப்பு அது.

பட்டியைக் கேட்டேன். அம்மா வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார். பேரக்குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி, முந்தானையால் மூடி இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். அவசரத்தில் வாங்கி, நடைபாதை நெடுக விரித்து, டேப் போட்டு ஒட்டினேன். கதவுகளை மூடச் சொன்னேன். படங்கின் ஓட்டைகளையும் அடைத்தாகிவிட்டது. கும்மிருட்டு.

"எல்லாரும் கீழ குனிஞ்சு பாருங்க. கோடு தெரியும். அது போற வழியில வாங்க."

ஒன்றும் தெரியவில்லை. கோடும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை.

"எங்கடி கோடு?"

"யாரு என் காலை மிதிக்கிறது?"

"ஐயோ, யாரு என் மடியில ஒக்காந்திருக்கிறது?" இது பெரியம்மா.

"நாந்தாங்க, டிரைவர்" என்றது மாமாவின் குரல்.

பஸ் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தட்டுத்தடுமாறிக் கதவைத் திறந்தேன். உள்ளே வந்த வெளிச்சத்தில் பட்டியிலிருந்து பூச்சி உருண்டை வாசம் அடிப்பது அப்போதுதான் உறைத்தது.

"அம்மா, இத எங்க வச்சிருந்தீங்க?"

"அலுமாரியில. என் கூறச் சேலையில சுத்தி, பூட்டி வச்சேன். வெயில் பட்டா மங்கிப் போயிருமில்ல? அந்த அம்மா பத்திரமா குடுத்த சாமான்."

"லைட்டப் பூட்டி வச்சா எப்புடிம்மா எரியும்? ஏம்மா அதத் தொட்டீங்க? ஏன்?"

திடல் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். அம்மா என் முகத்தையே பார்த்தார். "பத்திரமா வைக்கிறது தப்பாடி?" என்றார். குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

கத்தி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. ஏன் என்று நான் கேட்ட அதே கேள்வியைத்தான் மேடம் என்னிடம் கேட்டார். நான் சொன்ன பதிலும் அம்மா சொன்ன பதிலும் ஒரே வீட்டுப் பதில்தான். அதுமட்டுமா? அலுமாரியில் வைத்தது அம்மா என்றால், வாங்கியதும் வெளிச்சம் காட்டாமல் இருட்டில் கொண்டுபோய் ஒட்டியது யார்? அடிக்கோடு போட்டுப் படித்த நான். ஒரே வாரத்தில் இரண்டாவது தடவை. பஸ்ஸின் படியில் உட்கார்ந்தேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, எது எது என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பட்டியை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப இத வெயில்ல போடணுமா? மொளகு மாதிரி?"

"ஆமாம்மா. மொளகு மாதிரித்தான்."

"அடியே, இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா? வெளிச்சம் குடிக்குது, பேட்டரி இல்லன்னு என்னென்னமோ சொன்ன. மொளகு மாதிரின்னா எனக்கு வெளங்காதா?"

ஒரு நாள் முழுக்க மேடம் எடுத்த பாடத்தை அம்மா ஒரு சொல்லில் முடித்துவிட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் அம்மாவின் ராஜ்ஜியம். வாசலில் காய்ந்துகொண்டிருந்த மிளகை ஒதுக்கி, நடுவில் இரண்டு பட்டியையும் நீட்டிப் போட்டார். கோழி மிதிக்காமல் பக்கத்தில் குச்சியோடு நின்றார். மிளகைக் கிளறுகிற மாதிரி நடுநடுவே திருப்பியும் போட்டார். ஒரு பக்கம்தான் வெளிச்சம் குடிக்கும் அம்மா என்று சொன்னேன். "நீ சும்மா இரு, ரெண்டு பக்கமும் காஞ்சாத்தான் காஞ்சது" என்று அதட்டினார். மலையிலிருந்து மேகம் இறங்குகிறதா என்று முப்பது பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். யாரோ பிளேன்டீ ஊற்றினார்கள். யாரோ ரொட்டியும் கட்டச்சம்பலும் கொண்டுவந்தார்கள். பயணம் தாமதமானதற்கு எங்கள் விமானத்தில் கொடுத்த அந்தச் சாப்பாட்டை இதுவரை நான் வேறு எந்த விமானத்திலும் பார்த்ததில்லை.

மேகம் வருவதற்கு முன் எடுத்தோம். மறுபடியும் ஒட்டினேன், கதவை மூடினேன்.

இந்தத் தடவை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். காலடியில், பஸ்ஸின் முன்னாலிருந்து பின்னால்வரைக்கும், பச்சையாக இரண்டு கோடு. மினுங்காமல், ஆடாமல், அப்படியே எரிந்தது. சேலைக் கரைகள் தெரிந்தன, வெறுங்கால்கள் தெரிந்தன. பெரியம்மா மெதுவாக ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, சுடவில்லை என்றார். இருட்டுக்குள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இது நம்ம வாசல்ல காஞ்ச வெயிலுடி."

அந்த நிமிடத்தில்தான் அந்தப் பாடம் என் கைக்கு இறங்கியது.

ஆனால் வேலை முடியவில்லை. புகை வேண்டும். மாமா கோயிலிலிருந்து தூபக்காலை வாங்கி வந்து, அள்ளி அள்ளிச் சாம்பிராணி போட்டார். பஸ் நிறையப் புகை. அங்கேதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. சாம்பிராணி வாசம் பட்டதும் முப்பது பேரும் எழும்பி நின்று, கண்ணை மூடி, கையெடுத்துக் கும்பிட்டார்கள். யாரோ "தாயே மாரியம்மா" என்று ஆரம்பித்தார்கள். புகையோ தலைக்கு மேல் கட்டிக்கொண்டு நிற்கிறது, ஒருவரும் நகரவில்லை.

"கொஞ்சம் கீழ குனிஞ்சு வாங்களேன், பெரியம்மா, தயவுசெஞ்சு..." என்று கெஞ்சினேன்.

"இப்புடிக் கூப்புட்டா கல்யாணத்துக்குத்தான் வருவாங்க!" என்று இருமிக்கொண்டே சொன்னார் மாமா.

பெரியவர்களை அதட்டிப் பழக்கமில்லாத வாய். ஆனால் பக்கத்தில் யாரோ மூச்சுத் திணறி இருமினார்கள். எனக்குள் எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது.

"கும்பிடாதீங்க! குனிங்க! கீழ குனிங்க! கோட்டப் பாத்து வாங்க! வா, வா, வா!"

மலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் கொழுந்து பறிக்கிறவர்களை அம்மா கூப்பிடுகிற அதே குரல். முதலில் குனிந்ததும் அம்மாதான். "அடுப்புப் பொகையில நான் என்னைக்கி எந்திரிச்சு நின்னேன்? குனிங்கடி எல்லாரும்!" என்றபடி தவழ்ந்து போனார். அவர் பின்னால் வரிசையாக எல்லோரும் போனார்கள். நடுவில் திடீரென்று கோடு காணாமல் போனது. தடவிப் பார்த்தால் பெரியம்மாவின் பலாக்காய், பட்டிமேல் உருண்டு வந்து குந்தியிருக்கிறது. அதைத் தள்ளிவிட்டேன், வழி தெரிந்தது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். தும்மலும் சிரிப்புமாகத் திடலில் விழுந்து கிடந்தார்கள். "என் பலாக்கா உள்ள இருக்கு" என்று திரும்ப ஏறப்போன பெரியம்மாவை மாமா இடுப்பைப் பிடித்துத் தூக்கி இறக்கினார்.

திங்கட்கிழமை கிளம்பும்போது அம்மா எத்தனை மணிக்குப் பரீட்சை என்று இரண்டு தடவை கேட்டார்.

செவ்வாய் காலை மேடம் போலி விமானத்தின் கதவைத் திறந்துவிட்டு, "தயார் செய்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். உள்ளே போய் எல்லா விளக்கையும் போட்டேன். இனிச் செய்ய வேண்டியது காத்திருப்பதுதான். ஆகா, அதைப்போல ஒரு தண்டனை உண்டா? காலி சீட்டுகளுக்கு மேலே அத்தனை விளக்கும் எரிகிறது, சுவிச்சு கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது, என் கை அரிக்கிறது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்துகொண்டேன். பேய் புஸ்தகம் படிக்கட்டும், கோடு பாடம் படிக்கட்டும், யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேரம் முடிவதற்கு முன்னால் பலாக்காய் ஞாபகம் வந்தது. எழும்பி, முட்டி போட்டு, நடைபாதையை முன்னாலிருந்து பின்னால்வரை பார்த்தேன். நடுவில், சீட்டுக்கு அடியிலிருந்து சரிந்து விழுந்தது மாதிரி, ஒரு மடித்த போர்வை பட்டிமேல் கிடந்தது. யாரோ தெரியாமல் போட்டதாக எனக்குப் படவில்லை. எடுத்து மேலே வைத்து, அதற்கடியில் வெளிச்சம் படாமல் இருந்த துண்டுக்கும் முழு நேரம் கொடுக்க வேண்டும் என்று மறுபடியும் முதலிலிருந்து காத்திருந்தேன். வெளியே ஒன்பது மணியும் தாண்டிப் போனது. நான் கதவைத் திறக்கவில்லை.

பிறகு எல்லோரும் ஏறினார்கள். இருட்டு விழுந்தது. புகை வந்தது. தரையில் கோடு பச்சையாக எரிந்தது. படித்துக்கொடுத்தபடி ஆங்கிலத்தில்தான் கத்தினேன், ஆனால் கடைசியில் தானாகவே "வா, வா, வா!" என்று வந்துவிட்டது. நெற்றி வீங்கிய அந்தக் காலி ஊர்ப் பிள்ளைதான் முதலில் இறங்கினாள். கடைசி ஆள் இறங்கும்வரை உள்ளேயே நின்று, சீட்டுச் சீட்டாகத் தடவிப் பார்த்துவிட்டு நான் வெளியே வந்தேன்.

மேடம் கையில் இருந்த தாளில் ஏதோ எழுதினார். "கடைசியாகக் கத்தினது புத்தகத்தில் இல்லை" என்றார். "ஆனால் எல்லோரும் வந்துவிட்டார்கள்" என்று சொல்லி, முதல் தடவையாகச் சிரித்தார். "போ நங்கி, வீட்டுக்குச் சொல்லு."

கொட்டகைக்குப் பின்னால் ஓடிப்போய் ஃபோனை எடுத்தேன். தங்கச்சிதான் பேசினாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் படபடவென்று கொட்டினாள்.

"அக்கா, சீக்கிரம் சொல்லு. இங்க அம்மா ஒரு ஆளா இல்ல. இன்னைக்கி மலைக்கு வேலைக்கும் போகல. விடிஞ்சதுல இருந்து வீட்டுல அஞ்சு லைட்டையும் போட்டு வச்சிருக்காங்க. கக்கூஸ் லைட்டு கூட எரியுது. பட்டப்பகல்ல! எங்க யாரையும் சுவிச்சுக்குப் பக்கத்துலயே விடல. பெரியம்மா வந்து என்னா இதுன்னு கேட்டதுக்கு, என் புள்ளைக்கு வெளிச்சம் ஏறுது, யாரும் அணைக்கக் கூடாதுங்கிறாங்க."

சுவரில் சாய்ந்துகொண்டேன். ஃபோன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

"என்னாடி, பாஸா?"

"பாஸும்மா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்ப லைட்ட அணைச்சிறட்டா?"

நான் சரி என்று சொல்வதற்குள்ளேயே நடக்க ஆரம்பித்துவிட்டார். ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுவிச்சாகப் பேர் சொல்லி அணைத்துக்கொண்டு போவது எனக்கு நன்றாகக் கேட்டது. கக்கூஸ். வாசல். அடுப்படி. பின் காம்பரா. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். நாலோடு நின்றுவிட்டது.

"அம்மா, முன் காம்பரா?"

"அது கெடக்குது விடு" என்றார் அம்மா. "இன்னைக்கி ஒரு நாளைக்கி எரியட்டும்."